அது

மருத்துவர் மாத்திரைச் சீட்டோடு இன்னொரு தாளும் தந்தார்:
படைப்பெழுத்து வகுப்பு, செவ்வாய் மாலை ஆறு மணி,
எட்டு வாரம், மனநலத்துக்கு உகந்தது.
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

கெமியில் நவம்பர் என்றால்
மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும்.
மாலைக் கல்லூரியில் எங்களுக்கு வாய்த்தது தச்சு அறை.
மேசையெல்லாம் ரம்பம் கீறிய தழும்பு.
வீட்டுக்குப் போய் உதறினால்
நோட்டுப் புத்தகத்திலிருந்து மரத்தூள் கொட்டும்.

ஓஸ்குவுக்கு இருபத்திரண்டு வயது.
ஒன்பது தலைமுறை டிராகன்களின் வம்சாவளியைச்
சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவான்.
ரௌனி வீட்டுக் குளிர்பெட்டியில்
'லிங்கன்பெரி, செப்டம்பர்' என்று கணவர் கையெழுத்தில்
பதினான்கு டப்பாக்கள்.
தின்னவும் மாட்டாள், எறியவும் மாட்டாள்.
வாரம் ஒரு டப்பாவைப் பற்றி எழுதுவாள்.
மற்ற இருவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.
ஆனால் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

இர்மெலிதான் ஆசிரியை.
"உங்கள் மனசு உங்கள் பாடு," என்றாள் முதல் நாளே,
"எனக்கு வினைச்சொல்லைக் காட்டுங்கள்."
பெயரடைகளைப் பென்சிலால்
மீன் செதிள்போலச் சுரண்டித் தள்ளுவாள்.

நான் ரயில் ஓட்டுகிறவன். இருபத்தாறு வருடம்.
எனக்குத் தெரிந்த ஒரே உரைநடை, விபத்து அறிக்கை.
அதையே எழுதி வாசித்தேன்:

காலை 6.41. வேகம் நூற்றுப் பன்னிரண்டு.
பனிப்பொழிவு இல்லை. பார்வை தெளிவு.
தண்டவாளத்தின் நடுவில் நின்றது.
ஹாரன் அடித்தேன். தலையைத் திருப்பியது.
பிரேக் போட்டேன். எழுநூறு மீட்டர் தாண்டி நின்றோம்.
இறங்கித் திரும்பி நடந்தேன்.
சரளைக்கல்மேல் ஒரு கையுறை.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்:
எங்கள் மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்.
வாய்ப்பேச்சில் அதுவும் இல்லை,
மனிதரும் 'அது', மாடும் 'அது'.
வினைச்சொல்கூடக் காட்டிக்கொடுக்காது.

யாரும் பேசவில்லை.
ஓஸ்கு டிராகன்களை மேசைக்கடியில் வைத்தான்.
அடுத்த செவ்வாய் ரௌனி
துணியில் சுற்றி ரை ரொட்டி கொண்டுவந்தாள்.
இன்னும் சூடு இருந்தது.
வெண்ணெய் தடவி நான்கு துண்டு தின்றேன்.
தின்னத் தின்னக் கூசியது.

மூன்றாம் வாரம் சொல்லிவிட்டேன்:
"அது எல்க் மான்."
குதிரையைவிட உயரம்,
குச்சிக் காலில் நிறுத்திவைத்த சோபா மாதிரி.
ஓஸ்கு களுக்கென்று சிரித்து, உடனே இருமினான்.
ரௌனி, "ரொட்டி நன்றாக இருந்ததா இல்லையா?" என்றாள்.
இருந்தது என்றேன்.
"அப்புறமென்ன."

இர்மெலி தலை நிமிரவில்லை.
"எல்க் என்று இங்கே சொல்லாதே.
கடைசி வரிக்கு வை.
படிக்கிறவர்களும் ரொட்டி சுட்டுக்கொண்டு வரட்டும்."
பென்சில் கீழே இறங்கியது,
தூரத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, ஓரிடத்தில் நின்றது.
"இங்கே ஒரு பிழை.
எல்க்குக்கு ஏது கையுறை?"

என்னுடையதாக இருக்கும் என்றேன்.
கழன்று விழுந்திருக்கும் என்றேன்.
பிறகு, இந்த வருடம் இல்லை என்றேன்.

அடித்துவிடுவாள் என்று பார்த்திருந்தேன்.
ஒரு வட்டம் போட்டாள். அவ்வளவுதான்.
போகிற போக்கில்,
மாவு சலித்ததா என்று கேட்கிற குரலில்,
"என்ன நிறம்?" என்றாள்.

சாம்பல் நிறம் என்று எழுதினேன்.

இல்லை, பச்சை.
கட்டைவிரலில் கிழிசல்,
வேறு நிறக் கம்பளி நூலால்
யாரோ பொறுமையாக இழையோட்டித் தைத்தது.