ஒற்றைக் கோடு

கொள்முதல் கொட்டகைக்குப் பின்னால்
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்
கைப்பேசியில் ஒரு கோடு எழும்.
அதுவும் கெத்தைப் பக்கம் முகத்தைத் திருப்பினால்தான்.
மஞ்சூரிலிருந்து லாரி வர நாலரை ஆகும்.
அதற்குள் உலகம்
காலையிலிருந்து சேர்த்துவைத்ததை எல்லாம்
ஒரே மூச்சில் என் தலையில் கொட்டிவிடும்.

இன்று மூன்று.
ஈரக்கழிவு வழக்கில் தீர்ப்பு
தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு.
கட்சி மாறினார் ஒரு சட்டமன்ற உறுப்பினர்,
மக்கள் நலன் கருதி
(நேற்றுவரை கருதியது எந்த மக்களையோ).
நூற்றுப் பதினேழு ஒளியாண்டுக்கு அப்பால்
ஒரு கோளில் நீராவி.

எதற்கு எந்த முகத்தை அழுத்துவது?
தீர்ப்புக்குக் கோபம் என்று வைத்தேன்.
விரலில் பதினோரு வருஷக் கறை,
திரைக்கு என்னைத் தெரியவில்லை.
இன்னொரு தரம் அழுத்தியதில்
கோபம் நகர்ந்து சிரிப்பு விழுந்தது.
கட்சி மாறினவருக்கு இதயம்.
கோளுக்குக் கண்ணீர்.
திருத்துவதற்குள் கோடு போய்விட்டது.

சரி, கிடக்கட்டும் என்று இறங்கினேன்.
படியிறங்கும்போது யோசித்தால்
ஒன்றுகூடப் பெரிய தப்பாய்த் தெரியவில்லை,
அந்த இதயத்தைத் தவிர.

"நீராவியா?" என்றான் ரெஜினால்டு, லாரியை அணைக்காமலே.
"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?"
மூடுபனி எடைமேடை வரை வந்துவிட்டிருந்தது.
சாக்கும் தெரியவில்லை, சாக்கைத் தூக்கி வந்தவளும் தெரியவில்லை.
சிவப்பு எண்கள் மட்டும் எரிந்தன:
பதினெட்டு கிலோ நானூறு.

"கோர்ட்டுல என்னவாம்?"
குரலை வைத்துத்தான் ஜெயசீலி என்று அறிந்தேன்.
மனுதாரர் எண் பதினான்கு.
ஒத்திவைத்திருக்கிறார்கள் என்றேன்.
எதுவரைக்கும் என்றாள்.
சொல்லவில்லை என்றேன்.
சாக்கின் வாயை முடிந்துகொண்டே சொன்னாள்:
"அன்னைக்கு வக்கீல் என் பெருவிரலைப் பிடிச்சு
மூணு தடவ அழுத்துனாரு.
ஒரு ரேகை விழணுமே!
கொழுந்து கிள்ளிக் கிள்ளி எல்லாம் வழிச்சுப்போச்சு.
தாள்ல வெறும் கருப்பு வட்டம்.
இதை வச்சு நீதான்னு எப்படிம்மா சொல்றதுன்னாரு."

பேச்சை மாற்றத்தான்
கோளைப் பற்றி ஆரம்பித்தேன்.
அது தன் சூரியனுக்குக் குறுக்கே போகுமாம்,
வெளிச்சம் துளி குறையுமாம்,
குறைந்ததை வைத்து
அங்கே ஈரம் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்களாம்.

ஜெயசீலி சிரித்தாள்.
"உன் வேலைதான் அங்கேயும்.
எட்டு பர்சென்டா?"

எட்டுதான்.
மழைக்கு எட்டு, வெயிலுக்கும் எட்டு.
மாசியில் இலை அப்பளமாய் நொறுங்கும்போதும் எட்டு.
நான் போட்ட விதியில்லை, கம்பெனி சுற்றறிக்கை,
ஆனால் பேனா என்னுடையது.
பதினாறு தொள்ளாயிரம் என்று எழுதினேன்.
ஜெயசீலி பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பது அவள் என்மீது காட்டும் மரியாதை,
அல்லது எப்போதோ பார்த்து முடித்துவிட்டாள்.

வெளிச்சம் இங்கே வந்துசேர
நூற்றுப் பதினேழு வருஷம்.
அப்படியானால் அது பழைய சேதி.
எங்கள் வழக்கு எவ்வளவோ புதுசு,
ஒன்பது வருஷம்தான்.

லாரி போயிற்று.
கெத்தை வளைவுகளில் அதன் பின்விளக்கு
தெரிந்து, மறைந்து,
தெரிந்து, பிறகு தெரியவே இல்லை.
விளக்கடியில் பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
தகரத்தின் ஓட்டையில் திரண்டுநின்ற பனி
சொட்டென்று தாளில் விழுந்தது,
ஈரம் என்ற பத்தியில்,
ஜெயசீலியின் வரியில்.
மை கலங்கிற்று.
அது 8-ஆ 3-ஆ என்று
இனி எந்தத் தணிக்கையாளரும் சத்தியம் செய்ய முடியாது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேனா கையில்தான் இருந்தது.
ஒற்றித் துடைக்கப் பழந்துணியும் இருந்தது.
பேரேட்டை அப்படியே மூடினேன்.