வெள்ளி

செந்தூல் மாதா கோவிலில்
ஏழு வருடமாய் நான் பொருளாளர்.
இரவில் இன்னொரு கணக்கும் எழுதுவேன்,
நீல அட்டை நோட்டில், படுக்குமுன்:
மனைவியிடம் சிடுசிடுத்தேன்.
செபமாலை நடுவில் கண்ணயர்ந்தேன்.
பெரியநாயகத்துக்குப் பதவி உயர்வு,
வாய் சிரித்தது, வயிறு எரிந்தது.

தவக்காலத்தில் நோட்டு தடிக்கும்.
வெள்ளிதோறும் கறி இல்லை,
தே தாரேயில் சீனி இல்லை.
உள்ளே ஏதோ துலங்கிவருவதாய் நம்பினேன்.
பொய்யென்று சொல்லமாட்டேன்.
துலங்கத்தான் செய்தது,
யாரும் நடக்காத முன்னறை போல.

மூன்றாம் வெள்ளி, சிலுவைப்பாதைக்கு
ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டேன்.
ஐந்தாம் நிலைக்குக் கீழே,
சீமோன் தோள்கொடுக்கிற இடத்தில்,
மாரிக்கண்ணு தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.
நெற்றியில் திருநீறு,
சட்டை முதுகில் குத்தகைக் கம்பெனியின் பெயர்.
"நீங்கதானே கணக்கு? ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."
விரிசல் விட்ட கைப்பேசித் திரையில்
அவள் சேமநிதிக் கணக்கு.
பதினான்கு மாதமாய் ஒரு வெள்ளி ஏறவில்லை.
சம்பளச் சீட்டில் மட்டும்
மாதம் தவறாமல் பிடித்திருக்கிறார்கள்,
நூற்றுக்குப் பதினொன்று.

நான் கடவுளுக்குக் கொடுப்பது
நூற்றுக்குப் பத்து.

அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவன் நான்.
வந்த மூன்று விலைப்புள்ளியில்
ஆகக் குறைந்தது அதுதான்.
மாதம் முந்நூற்றெண்பது வெள்ளி மிச்சம் என்று
கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டினார்கள்.
எப்படி இவ்வளவு மலிவு என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை, கணக்குப் படித்தவன்.

அன்றிரவு நோட்டைத் திறந்து
பேனாவோடு வெகுநேரம் இருந்தேன்.
இந்தப் பாவத்துக்கு என்ன பெயர்?
பின்னுக்குப் புரட்டினேன், இரண்டு வருடம்.
எல்லாப் பக்கத்திலும் நான்.
என் கோபம், என் தூக்கம், என் பொறாமை.
ஒரு பக்கத்திலும் மாரிக்கண்ணு இல்லை.
வாரம் மூன்று நாள்
கோவில் சாவிக்காக என் வாசலில் நிற்கிறவள்.
என்னிடமிருந்து சாவியை மட்டும் வாங்கிப் போனவள்.

நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன்.
"அது கம்பெனி பாடு. நாம செபிப்போம்," என்றார் சவரிராயன்.
செபித்தோம். அழகாகத்தான் செபித்தார்,
குரல்கூடத் தழுதழுத்தது.
ஆமென் சொன்ன கையோடு
ஒப்பந்தத்தை மேசையில் வைத்தேன்,
என் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும்படி.
விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை விடுப்பெடுத்தேன்.
சேமநிதி அலுவலகம், பிளாஸ்டிக் நாற்காலி,
எண் நூற்று நாற்பத்தாறு.
மாரிக்கண்ணுவோடு இன்னும் இருவர்,
அதே சட்டை, வேறு கட்டடங்கள்.
மணி பத்து. பதினொன்று.
பசியாறக் கொண்டுவந்த நாசி லெமாக்கை
மடியில் பிரித்து நான்காய்ப் பங்கிட்டாள்.
நெத்திலி எனக்குக் கொஞ்சம் கூடுதல்.
அந்த வெள்ளியிலிருந்து வராத செபம்
கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது,
தானும் ஒரு எண் எடுத்துக்கொண்டு.

பெரிய வியாழன்.
பாதம் கழுவ நிறுத்திய பன்னிருவரில் நானும்.
சாமியார் குனிந்து வெந்நீர் ஊற்றித்
துடைத்து முத்தமிட்டார்.
போன வருடம் கண்ணீர் வந்தது.
இந்த வருடம் கூசியது.
பூசை முடிந்து எல்லாரும் போனபின்
பீடத்தடியில் அந்தத் தண்ணீர்
குளம்போல் கிடந்தது.
துடைப்பானை வாங்கப் போனேன்.
மாரிக்கண்ணு விடவில்லை.

"இது என் வேலைங்க.
தேதி எப்போன்னாங்க?"

"பதினேழு."

"அத மறந்துடாதீங்க.
காலைத் தூக்குங்க, ஈரம்."