நான்காயிரத்து இருநூறு

போர்ட்டோ அலெக்ரேயில் ஜூலை மாதம்
குவாய்பாவின் ஈரம் படியேறி வந்து
சுவரில் கறுப்பாய்ப் பூக்கும்.
என் தம்பி இவோனெய்
அதைச் சுரண்டி, வெள்ளையடித்து,
சன்னல் புறாக்களையும் விரட்டிய பிறகுதான்
என்னை வீட்டுக்குள் விட்டான்.

இப்போது மறுபடி நான்காம் மாடி.
ஊதும் கருவியில் காலை எண்
இரண்டு புள்ளி ஒன்றிலிருந்து
ஒன்று புள்ளி எட்டுக்கு இறங்கியபோது
கருவி பழசு என்றேன்.
மறுநாள் ஒன்று புள்ளி ஏழு.
கருவி பழசுதான். காய்ச்சல் புதுசு.

டாக்டர் ஜுசாரா கட்டிலோரம் உட்கார்ந்தார்.
ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில்
நான்காயிரத்து இருநூறு பிரதிகள்.
சைட்டோமெகாலோ வைரஸ்.
அவர் ஒரே மூச்சில் சொன்னார்,
எனக்கு இரண்டு மூச்சு பிடித்தது.

இந்த ஊரில் அநேகமாய் எல்லோரிடமும்
சின்ன வயதிலேயே புகுந்து
சத்தமில்லாமல் தூங்குமாம்.
உன்னிடம் இருந்ததில்லை, லெயோகாதியா.
இது நுரையீரலோடு வந்தது.

என் அம்மா காசநோய்க்குப் பயந்தவள்.
ஆளுக்கொரு கிண்ணம், ஆளுக்கொரு துண்டு,
முத்தம் நெற்றியில் மட்டும்.

வலப்பக்கம் என்னுடையது,
வெயிலில் விட்ட செருப்பாய் விறைத்தது.
பத்தொன்பது வருஷம் தொழிற்சாலையில் தடவிய
பசையால்தானா என்று டாக்டர்களுக்குச் சந்தேகம்.
எனக்கு இல்லை.
இடப்பக்கம் நீ.

உன்னை என் உடம்பு விரட்டாதிருக்க
காவலை மயக்கி வைத்திருக்கிறேன்,
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும்.
விருந்துக்குத் திறந்த கதவில்
வேறு யார் நுழைகிறார் என்று பார்க்க ஆளில்லை.
மே மாதம் எதிர்வீட்டுக் குழந்தை தும்மினாள்.
அவளுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியது,
எனக்குப் பதினோரு நாள் ஆக்ஸிஜன்.

உன்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆணா பெண்ணா, எந்த ஊர்,
சாலையா, தலைக்குள் வெடித்த குழாயா.
பொருத்தமான உயரம் என்றாள் ஒரு செவிலி,
வாய் தவறி.
அன்றிலிருந்து நீ என் உயரம்.

இப்போது இதுவும் தெரியும்:
யாரோ உன்னை எச்சில் பட முத்தமிட்டிருக்கிறார்கள்.
தான் கடித்த கொய்யாவின் மீதியை
யாரோ உன் வாயில் திணித்திருக்கிறார்கள்.
அல்லது பால்.
தாய்ப்பாலிலும் வருமாம், கேட்டுவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கொருமுறை சொட்டும் மருந்து
தேடிப்போய் அடிப்பது அதைத்தான் என்று தோன்ற
கையை இழுத்துக்கொண்டேன்.
ஊசி நகர்ந்து படுக்கையெல்லாம் ரத்தம்.
செவிலி திட்டினாள். சரியாகத்தான் திட்டினாள்.

ஞாயிறு இவோனெய் வந்தான், மாத்தே குடுக்கையோடு.
ஒரு குடுக்கை, ஒரு உறிஞ்சுகுழல்,
கசப்பில் வெந்நீர் ஊற்றி ஊற்றி
கைமாற்றிக் குடிப்பது எங்கள் வழக்கம்.
இலையில் பூஞ்சை இருக்கலாமாம்.
ஆகவே எனக்குக் கண்ணாடித் தம்ளரில்
கொதித்தாறிய தண்ணீர்.
அவன் கதவோரம், முகக்கவசத்தை இறக்கி,
வெளியே திரும்பி உறிஞ்சினான்.
நானும் உறிஞ்சினேன்.
சத்தம் ஒன்றுதான்.

இன்று எண்ணூற்று அறுபது.
முழுசாய்ப் போகாது என்கிறார் ஜுசாரா,
மறுபடி தூங்கும், இனி உனக்குள்.
தூங்கட்டும்.
என் கிண்ணத்தில் வாய் வைத்த முதல் ஆள்.

கொடுத்தவர் வீட்டுக்குப் பெயர் போடாமல்
ஒரு நன்றிக் கடிதம் எழுதலாமே என்று
திட்டியவளே காகிதம் கொண்டுவந்தாள்.
அவள் வடக்கத்திக்காரி, மாத்தே பழக்கமில்லை.
குடுக்கையைத் திருப்பும்போது நன்றி சொன்னால்
போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம்.
இன்னும் வேண்டுமென்றால்
பேசாமல் நீட்டவேண்டும்.

காகிதம் மேசையில் இருக்கிறது.
ஊதுகிறேன்.
ஒன்று புள்ளி எட்டு.
நீட்டுகிறேன், ஊற்று.