ஆறாவது மாதம்

வியாழன் பதினொரு மணிக்குள் ஒரு சதவீதம் வேண்டுமாம்,
சேன்-தெனியிலிருந்து கேட்கிறார்கள்.
சேன்-தாந்த்ரேயில், மருந்துக்கடை மாடியில்,
நாற்பது பேரைச் சேர்த்தோம்.
ஆறாவது மாதம் வேலையில் இருப்பவர் பதினொருவர்.
வகுத்தால் இருபத்தேழரை.
அந்த அரையை என்ன செய்வது?

பதினொருவரில் நால்வர்
கரும்பு வெட்டு தொடங்கியதும் போனவர்கள்.
நாங்கள் இல்லாவிட்டாலும் போயிருப்பார்கள்;
ஜூலை வந்தால் ஆலை கூப்பிடும்,
அதற்கு ஆலோசகர் எதற்கு?
அவர்களையும் எண்ணித்தான் பதினொன்று.

கத்தபூலே வீட்டு ஃப்ரெடி
ஃபோர்க்லிஃப்ட் பழகித் துறைமுகத்துக்குப் போனான்.
அது நாங்கள் செய்தது. சத்தியமாக நாங்கள்தான்.
முதல் சம்பளத்தன்று ஒரு பை லிச்சி கொண்டுவந்து
மேசையில் வைத்துவிட்டு நின்றான்,
உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சலாசி மலைப் பையன் ஒருவன் சந்திப்புக்கு வரவில்லை.
மழையில் பாதை சரிந்து பேருந்து நின்ற நாள்.
கணினியில் மழைக்குக் கட்டம் கிடையாது.
உதவித்தொகையில் பாதி போயிற்று,
அடுத்த மாதம் அவனே போய்விட்டான்.
'வெளியேறியவர்' பட்டியலில்
ஃப்ரெடிக்கு இரண்டு வரி கீழே இருக்கிறான்.
இருவருக்கும் ஒரே பச்சை.

எலியெட் வெலாயுதோம், ஐம்பத்திரண்டு வயது.
பள்ளி உணவகத்தில் ஒன்பது மாத ஒப்பந்தம்.
முந்நூறு பிள்ளைகளுக்குச் சௌசௌ சீவினாள்.
பத்தாவது மாதம் அந்த இடத்தில் வேறொருத்தி,
அவளும் நாங்கள் அனுப்பியவள்தான்.

நேற்று வந்தாள். வேலை கேட்கவில்லை.
இன்னமும் நாலரைக்கு விழிப்புத் தட்டுகிறதாம்.
எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல்,
இஸ்திரி போட்ட சட்டைகளுக்கே
மறுபடி இஸ்திரி போடுகிறாளாம்.

படிவத்தை நீட்டினேன். கேள்வி பதினேழு:
இத்திட்டம் உங்களுக்குப் பயன்பட்டதா?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.
பேனாவைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.
"பயன்பட்டதான்னா,
அப்பவா, இப்பவா?"

எனக்குச் சொல்லித்தரப்பட்ட பதில்களில் அது இல்லை.

அவள் கைப்பையைத் துழாவினாள்.
பேருந்துச் சீட்டுகள், ஒரு சீப்பு, ஒரு சாவி.
உணவகத்துப் பின்கதவுச் சாவி.
"குடுக்க மறந்துட்டேன். யாரும் கேக்கவும் இல்ல."
மேசைமேல் என் பக்கம் நகர்த்தினாள்,
விரலை மட்டும் எடுக்கவில்லை.

கேட்டால் கொடுக்கலாம், வைத்திருங்கள் என்றேன்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும்
இருபத்தெட்டு என்று எழுதி
அனுப்பிவிட்டேன்.