பொருளின் இயல்பு

மகா ராஜ ராஜ ஸ்ரீ
தென்னிந்திய ரயில்வே கம்பெனி டிராபிக் துரை அவர்கள் சமூகத்துக்கு,
திருநெல்வேலி டவுண் பூக்கமிஷன் ஏஜெண்டு
ஆவுடைநாயகம் பண்டாரம்
இரண்டாந்தரம் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

விரோதிகிருது வருஷம், ஆனி பிறந்த வாரம்,
சனிக்கிழமை காலை
பாலம் ஸ்டேஷனில் ஏழு கூடை ஏற்றினேன்.
பிச்சி. அத்தனையும் மொட்டு.

துரை பூ விற்றிருக்க மாட்டீர்கள்,
அதனால் சொல்லுகிறேன்:
எங்கள் தொழிலில் மொட்டுக்குத்தான் விலை.
மலர்ந்தது நஷ்டக் கணக்கில் ஏறும்.
ராஜவல்லிபுரம் தோட்டத்தில்
பேராத்தும் அவள் கொழுந்தியாளும்
விடிவெள்ளி இருக்கையிலேயே கொடிக்குள் நுழைந்து
நகம் படாமல் கிள்ளியவை.
எது இன்றைக்கு விரியும், எது நாளைக்கு என்று
இருட்டிலும் அந்த விரலுக்குத் தெரியும்.
ஈர வாழைமட்டை, மேலே இலை, பனைநார்க் கட்டு.
மணியாச்சியில் வண்டி மாறி
உச்சிக்குத் தூத்துக்குடி.
இரண்டு மணிக்குத் தொடுக்க உட்கார்ந்தால்
ராத்திரி மாப்பிள்ளை அழைப்புக்கு
மாலை, சடைநாகம், குதிரைக்குச் சரம்.
பூ விரிய வேண்டியது அங்கே,
காஸ்லைட்டுக்குக் கீழே, மேளத்துக்கு நடுவில்.
அந்த ஒரு நாழிகைக்குத்தான் அவர்கள் பணம் கொடுப்பது.

மணியாச்சியில் வண்டி ஏன் நின்றது என்று
நான் எழுதப் போவதில்லை.
துரைக்குத் தெரியும். பேப்பரில் வந்தது.
எழுதினால் என் கையெழுத்தையும் யாராவது
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.
சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடினார்கள்.
அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று
மூன்று பேரிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று.

நாலாவதாக வந்த ஏட்டு
கூடைக்குள் தடியை விட்டுக் கிளறினார்.
பிறகு ஏழையும் பிளாட்பாரத்தில் கவிழ்க்கச் சொன்னார்.
உள்ளே இரும்பு இல்லை.
வெறும் பூவா, என்றார்.
தெளிக்கத் தண்ணீர் எடுக்கவும் விடவில்லை.

வெயில் சாயும்போது ஒன்று விரிந்தது.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை.

ஸ்டேஷன் முழுக்க வாசம், துரை.
அதை என்ன செய்வதென்று
அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.
மோந்தால் அதற்கும் சாட்சி சொல்லவேண்டி வரும்போல
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
கோவில்பட்டிக்குப் போகிற ஒரு அம்மாள்
காலையில் வண்டியில்,
ஓரணாவுக்குக் கொடுமேன் என்று கேட்டிருந்தாள்.
கட்டுப் பிரிக்க மாட்டேன் என்றிருந்தேன்.
இப்போது இரண்டு கையிலும் அள்ளி நீட்டினேன்.
இன்னைக்கா, என்று
முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள்.

தூத்துக்குடி சேரும்போது ராத்திரி எட்டு மணி.
கலியாண வீட்டில் அரளியும் கேந்தியும் கட்டிவிட்டார்கள்.
விரிந்த பிச்சி நாரில் நிற்காது, கழுத்து ஒடியும்.
நஷ்டம் ரூபாய் இருபத்தெட்டு, அணா பன்னிரண்டு.

முதல் விண்ணப்பத்துக்குத் துரை ஆபீசு எழுதிய பதிலை
வக்கீல் குமாஸ்தா தமிழில் சொன்னார்:
ஏற்றியது பிச்சி. இறங்கியதும் பிச்சி.
எடையில் குறைவு இல்லை.
விரிதல் பொருளின் இயல்பு.
இயல்பினால் வரும் மாறுதலுக்குக்
கம்பெனி உத்தரவாதி அல்ல.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
இருபது வருஷமாகப் பூ விற்கிறேன்,
இப்படி ஒரு வரி எனக்குத் தோன்றியதில்லை.
வழக்குக்கு நிற்காது என்று குமாஸ்தா சொல்லுகிறார்.
ஆனால் இயல்புக்கு ஒரு நேரம் உண்டு, துரை.
ரசீதின் பின்பக்கம் ஷரத்துகள் பதினான்கு,
அதில் இது இல்லை.

பேராத்துக்குக் கூலி கொடுத்துவிட்டேன்.
அவள் கிள்ளியது மொட்டு.
வெறுங்கூடைகள் மணியாச்சியில் கிடந்ததற்கு
இட வாடகை ஆறணா கேட்டார்கள்.
கட்டியிருக்கிறேன்.
ரசீது இத்துடன்.