இருபது மீட்டர்

நில அலுவலகத்துக்கு எதிர்வரிசையில்
போட்டோஸ்டாட் கடை என்னுடையது.
நகல் பத்துக் காசு.
பாரம் நிரப்பித் தந்தால் மூன்று வெள்ளி.

பகாவில் மழை பொய்த்த பிப்ரவரி அது.
சிம்பாங்கில் நிற்கும் செம்பனைகள்கூட
மட்டை முறிந்து தொங்கின.
சிறுதோட்டக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள்,
பிளாஸ்டிக் உறைக்குள் கிராண்ட், அதற்குள் ஐசி,
ஹெல்மெட்டைக் கழற்ற மறந்த தலைகள்.

ஆற்றோரம் காக்கும் உதவித் திட்டம்.
கரையிலிருந்து இருபது மீட்டருக்கு
மரத்தைச் சாய்த்து, மருந்தடிக்காமல்,
புல்லுக்கும் புதருக்கும் விட்டுவிட்டால்
சாய்த்த மரத்துக்கு இவ்வளவு என்று
அரசாங்கம் தரும்.
"சும்மா விடுறதுக்கா காசு?"
டயர்க்கடை லிங்கம் சிரித்தான்.
சும்மா விட்டுப் பார்,
தெரியும் என்றேன்.

மரகதவல்லி சேற்றுப் பூட்ஸோடு வந்தாள்.
பெரிய தோட்டம் கைமாறியபோது கிடைத்த
நட்ட ஈட்டில் வாங்கியது
இரண்டே கால் ஏக்கர்.
பாரத்தின் ஏழாவது கட்டம்:
மரங்களின் எண்ணிக்கை.
"நட்டதா, நிக்கிறதா?" என்றாள்.
பாரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறும் கையெழுத்துக் கோடுகள்.
"முதல் வரிசை பதினொண்ணு ஆத்துல போச்சு.
அதையும் போடு."

வியாழக்கிழமை என்சிக் ருஸ்லி வந்தார்,
நாடாவும் கிளிப்போர்டும் வெள்ளைக் காலணியுமாக.
சாட்சிக்கு நான் போனேன்.
கடைக் கதவில் அட்டை தொங்கவிட்டேன்:
ஒரு மணி நேரம்.
போன நேரமோ மூன்று மணி.

இன்றைய கரையில் நாடாவை வைத்தால்
இரண்டு வரிசை போகும்.
குலை தள்ளுகிற மரங்கள் அத்தனையும்.
அவர் சொன்னார், விதி அப்படி.
மரகதவல்லி பதில் சொல்லவில்லை.
ஆற்றைக் காட்டினாள்.

தண்ணீர் வற்றிய நடு ஆற்றில்
சிவப்புச் சாயம் போன எல்லைக்கல்,
பாசி படர்ந்து, தலை மட்டும்.
கிராண்டில் உள்ள அதே எண்.
இவள் நிலம் அங்கே முடிகிறது.
ஆறு உள்ளே வந்து குடியிருக்கிறது,
வாடகை இல்லாமல்.

நாடாவின் பூச்சிய முனையை
அவர் கையிலிருந்து வாங்கினாள்.
இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மறுபடி முழங்கால்.
கல்லின் மேல் ஏறி நின்றாள்.
"இங்கேருந்து அள" என்றாள், மலாயில்,
பிள்ளையை அதட்டும் தொனியில்.
அங்கிருந்து அளந்தால்
ஆறு தின்ற பதினொன்றும் கணக்கில் வரும்,
நிற்பதில் ஒரு வரிசை போனால் போதும்.

ருஸ்லி வெகுநேரம் நாடாவைப் பார்த்தார்.
சொந்த ஊரில் தன் அத்தைக்கும்
இதே ஆறுதான் என்றார், மேல்மடையில்.
பிறகு என்னிடம் கேட்டார்,
"குறிப்புகள் என்ற இடத்தில் இதை எப்படி எழுதுவது?"
மூன்று வெள்ளிக்கு நான் எழுதுகிற
வாக்கியங்களில் அது இல்லை.
"எல்லைக்கல் நீரில் உள்ளது" என்றேன்.
அதையே எழுதினார்.
விதியை அடிக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மார்ச் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது.
ஏப்ரலில் சிரம்பானிலிருந்து கடிதம்:
எல்லைக்கல்லின் படம் இணைக்கவும்,
பதினான்கு நாளுக்குள்.
கல்லுக்கு மேல் அப்போது
ஆளுயரத் தண்ணீர்.

என் கைபேசியில் ஒரே ஒரு படம் இருந்தது.
மஞ்சள் நாடா வளைந்து போகிறது.
அதன் முனையில் மரகதவல்லி,
ஈரப் பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்தபடி,
கண்ணை இடுக்கிக்கொண்டு.
கல் தெரியவில்லை.
அதன் மேல்தான் அவள் நிற்கிறாள்.

அதையே அச்செடுத்தோம்.
கலர் நகல் ஒரு வெள்ளி.
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.