கொள்முதல் காரணம்

சுங்கை காடுட் மரப்பட்டறையில்
தேவதாருச் சீவல் மூட்டை ஆறு வெள்ளி.
பிரித்ததும் அறையெல்லாம் மணம்,
பட்டுச்சேலை வைத்த பெட்டியைத்
திறந்ததுபோல.
நன்றாயிருக்கிறதே என்றுதான் நானும்
நூற்றிருபது தொட்டிகளிலும் பரப்பினேன்.

மூன்றாம் நாள் தும்மல்.
எலி தும்மி நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள்.
நமுத்த தீக்குச்சியை உரசும் சத்தம்,
அவ்வளவுதான்.
நூற்றிருபது தொட்டிகளிலிருந்தும் வந்தால்
தூறல் தொடங்கிவிட்டதென்று
துணியெடுக்க ஓடத் தோன்றும்.
வெளியே லிம் சூ காங் சாலையில்
வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஆறு வாரத்தில் பாம்பு தின்னப்போகிறது,
அதற்கு மெத்தையா?"
கோப்பியை ஆற்றியபடி கேட்டார் திரு இயோ.
கேலியில்லை. அவர் கணக்குக் கேட்கிறவர்.
பக்கத்துக் கட்டடத்தில்
கால்வாய்களில் பிடிபட்ட மலைப்பாம்புகள்
காயம் ஆறக் காத்திருக்கின்றன.
அவற்றின் பசிக்குத்தான்
என் சம்பளமும்.

சோளத்தக்கை போட்டுப் பார்த்தேன்.
டிசம்பர் ஈரத்தில்
இரண்டே இரவில் பச்சைப் பூஞ்சை.
செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன்.
பிறந்து ஒருநாளான குட்டியின்
இளஞ்சிவப்பு முதுகில்
கண்ணாடி எழுத்தாய் ஒட்டியிருந்தது ஒரு 'ழ'.
ஸுல்ஹில்மி ஈரத்துணியால் துடைத்தான்.
போகவில்லை.

ஆஸ்பன் சீவலுக்கு மணம் இல்லை.
மூட்டை முப்பத்தொரு வெள்ளி.
படிவத்தில் 'கொள்முதல் காரணம்' என்று ஒரு கட்டம்,
இரண்டு வரிதான் பிடிக்கும்.
எழுதினேன்:
எலியின் ஈரலைக் கெடுக்கும் எண்ணெய்
பாம்பின் ஈரலையும் கெடுக்கலாம்.
மதியத்துக்குள் கையெழுத்தாகி வந்துவிட்டது.

பொய்யில்லை.
ஆனால் நான் பார்த்தது வேறு.
எழுபத்தெட்டாம் தொட்டி.
ஈன்ற எலியொன்று
அந்த மணக்கும் மரத்தையெல்லாம்
மூக்கால் தள்ளித் தள்ளி ஒதுக்கிவிட்டு
வெறும் பிளாஸ்டிக் தரையில்
ஒன்பது குட்டிகளைக் கிடத்தி
மேலே படுத்திருந்தது.
சாமி பெயர் வைத்த மரம்,
அதற்கு வேண்டாம்.
குளிர்ந்த தரை போதும்.
இதை எழுத
எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

ஆஸ்பன் வந்த இரவு
விளக்கணைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றேன்.
சரசரவென்று கடித்து, இழுத்து, சுருட்டி
எல்லாம் கூடு கட்டிக்கொண்டிருந்தன.
தும்மல் ஒன்றிரண்டு.
கடைசி 975 போய்விடும் என்று
கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பாம்புகளுக்கு உணவு நாள்.
முப்பது உருப்படி.
வாயு அறையிலிருந்து எடுத்துத்
தட்டில் அடுக்குகையில்
ஒன்றின் ரோமத்தில் வெள்ளைச் சுருளாய்
ஒரு சீவல்.
இரண்டு விரலால் மெல்ல எடுத்தேன்.
பாம்பின் வாயில் குத்திவிடும்.
யாராவது கேட்டால்
அப்படித்தான் எழுதித் தருவேன்.